மருத்துவமனையில் இளைஞர் பணியாளர்: இங்கிலாந்தின் அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பிரித்தானியச் சமுதாயப் பணி வரலாற்றில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. எலும்பு அறுவை மருத்துவரான சர் ஹாரி பிளாட் என்பவரின் தலைமையில் அமைந்த குழு, மருத்துவமனையிலுள்ள குழந்தைகளின் நலனைக் குறித்து அளித்த அறிக்கை 1959-இல் வெளியாயிற்று. ஆல்பெமார்ல் சீமாட்டியின் தலைமையில் அமைந்த குழு, இங்கிலாந்திலும் வேல்சிலும் இளைஞர் பணியின் நிலையைக் குறித்து அளித்த அறிக்கை 1960-ஆம் ஆண்டு பெப்ருவரியில் வெளியாயிற்று. தத்தம் துறையில் இவ்விரண்டும் திருப்புமுனைகள் என்பதில் ஐயமில்லை. முன்னது குழந்தைகள் வார்டின் கதவைத் தாய்மாருக்குத் திறந்துவிட வழிசெய்தது. பின்னது, நல்லெண்ணம் உடையோரின் மாலை நேரத் தொண்டாகப் பெரிதும் இருந்துவந்த இளைஞர் பணியைப் பயிற்சியும் ஊதியமும் உடைய ஒரு தொழிலாக உயர்த்திற்று.

இவற்றை அருகருகே வைத்துப் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழாமற் போகாது. பதினைந்து வயதில் மாதக்கணக்காக மருத்துவமனையில் கிடக்கும் ஒருவனையோ ஒருத்தியையோ இவற்றுள் எது கண்டது? பிளாட் அறிக்கை அவ்வயதினருக்குத் தனி இடம் வேண்டும் என்று சொல்லிற்று. அந்த இடத்தில் அவர்களோடு இருக்க வேண்டியவர் யார் என்னும் கேள்வியை அது விரித்துரைக்கவில்லை. ஆல்பெமார்ல் அறிக்கை அவ்வயதினரோடு இருக்கத்தக்கவரை ஆயத்தப்படுத்திற்று. அதன் பார்வையோ வேலையும் பள்ளியும் முடிந்த மாலையில் நடமாடும் இளைஞர்மேல் இருந்தது. இரண்டு சீர்திருத்தங்களும் ஒரே படுக்கையின் இருபுறமும் கடந்து சென்றன என்று சொல்லலாம். அவை ஒன்றையொன்று சந்திக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. அது ஏன் என்பதையும், சந்தித்தபோது நிகழ்ந்தது என்ன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம் தேவை. நம் திருச்சபைகளில் வாலிபர் ஊழியம் என்றால் சபையின் வாலிபரை விசுவாசத்தில் வளர்க்கும் பணியையே குறிக்கிறோம். பிரித்தானியாவில் இளைஞர் பணியாளர் என்பவர், இளைஞரின் நட்பைப் பெற்று, பாடத்திட்டமும் தேர்வும் இல்லாத முறையில் அவர்களுடைய வளர்ச்சிக்குத் துணை நிற்கப் பயிற்சி பெற்ற தொழிலர். முன்னதின் வயிற்றில் பிறந்ததுதான் பின்னது என்பதை மேலே காண்போம்.

பூட்டிய கதவுகள்

லண்டன் மாநகரில் கிரேட் ஆர்மண்ட் தெருவில் மருத்துவர் சார்ல்ஸ் வெஸ்ட் 1852 பெப்ருவரி 14-ஆம் நாள் பத்துப் படுக்கைகளோடு குழந்தைகள் மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். குழந்தை ஒரு சிறிய மனிதன் அல்ல, தனக்குரிய நோய்களும் தனக்குரிய தேவைகளும் உடைய நோயாளி என்னும் கொள்கை அத்துடன் அந்நாட்டில் வேரூன்றிற்று. எனினும் அடுத்த நூறு ஆண்டுகளில் பெற்றோர் வார்டுக்குள் வருவது தொற்றுக்கும் ஒழுங்கீனத்துக்கும் காரணம் என்னும் எண்ணமும் கூடவே வளர்ந்தது. தாய் வந்துபோன பின் குழந்தை அழுகிறது. ஆகவே தாய் வராதிருப்பதே நலம் என்பது செவிலியர் பலரின் வாதம். அழாத குழந்தை தேறிவிட்டது என்று நம்பினர்.

1949-இல் லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரங்களைத் தொகுத்து வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பு உண்டு. கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் பெற்றோருக்கு அனுமதியே இல்லை. மாலையில் உறங்கும் குழந்தையை மட்டும் பார்த்துச் செல்லலாம். லண்டன் மருத்துவமனையில் மூன்று வயதுக்குட்பட்டோரைத் தடுப்புக்கு அப்பால் நின்றே பார்க்கவேண்டும். இவை அந்நாளின் மிகச் சிறந்த மருத்துவமனைகள் என்பதை மறந்துவிடலாகாது.

நீண்ட நாள் கிடப்போரின் நிலை இதனினும் கடினமாயிருந்தது. வேல்சின் மலைப்புறத்தில் கிரெய்க்-இ-நாஸ் என்னும் மாளிகை, புகழ்பெற்ற பாடகி அடெலினா பாட்டியின் இல்லமாயிருந்தது. 1922 முதல் அது காசநோய் சானடோரியமாக இயங்கிற்று. கைக்குழந்தைகள் முதல் இளம்பெண்கள் வரை அங்கே வைக்கப்பட்டனர். திறந்த தாழ்வாரங்களில், பனி படுக்கைமேல் படியும் இரவுகளிலும் அவர்கள் உறங்கினர். பெற்றோர் வருகை மாதம் ஒருமுறை. எழுந்து ஓடாதபடி சிலர் கட்டிலோடு கட்டப்பட்டதும் உண்டு. அங்கே வளர்ந்தவர்களுடைய வாய்மொழிகள் பிற்காலத்தில் திரட்டப்பட்டு 2009-இல் நூலாக வந்தன. அச்சானடோரியம் மூடப்பட்ட ஆண்டு 1959. பிளாட் அறிக்கை வெளியான அதே ஆண்டு.

இக்காலத்தில் நோயுற்ற இளையோரை நாடிச் சென்றோர் இல்லாமலில்லை. 1888-இல் ஆலன் டவுட்ஸ்வெல் கிரஹாம் என்னும் ஆயர் நோயுற்ற குழந்தைகளுக்கென ஓர் உதவிச் சங்கத்தை நிறுவினார். 1894-இல் மெதடிஸ்ட் திருச்சபையின் மேற்கு லண்டன் அருட்பணியில் சகோதரியாயிருந்த கிரேஸ் ஹனாம் என்பவர் ஊனமுற்றோருக்கென ஒரு மன்றம் தொடங்கினார். துணிவுள்ள எளியோர் என்று பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டது. தங்கள் நிலையில் மகிழ்வோம் என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் அதன் குறிக்கோள். இவரே பின்னர் கிரேஸ் கிம்மின்ஸ் என்னும் பெயரில் 1903-இல் சசெக்ஸ் மாவட்டத்தின் செய்லி என்னும் ஊரில் ஊனமுற்ற சிறாருக்கான இல்லத்தை நிறுவியவர். சாரணர், சாரணியர் இயக்கங்களும் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் மருத்துவமனைகளிலும் சானடோரியங்களிலும் குழுக்களை நடத்தின. படுக்கையிலிருந்தபடியே முடிச்சுப் போடக் கற்றுக்கொண்ட சாரணர் அக்காலத்தில் பலர்.

இவர்களுடைய அன்பைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். எனினும், கொடுப்பவர் நின்றுகொண்டும் பெறுபவர் படுத்துக்கொண்டும் இருந்த உறவு அது. மகிழ்ந்திருக்கவேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். எனக்கு மகிழ்ச்சியில்லை, இன்று என்னைத் தனியே விடுங்கள் என்று சொல்லும் உரிமை அந்த இளையோருக்கு அளிக்கப்படவில்லை.

தாய்க்குத் திறந்த கதவு

மாற்றத்தின் தொடக்கம் பெரிய மருத்துவப் பேராசிரியர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1925 முதலே தாயைக் குழந்தையோடு மருத்துவமனையில் தங்க அனுமதித்தார் என்பது உண்மை. ஆனால் அது பிறரால் பின்பற்றப்படாத நற்செயலாகவே நெடுங்காலம் நின்றது. நாட்டின் மனத்தை அசைத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். போர்க்காலத்தில் அன்னா பிராய்டு நடத்திய ஹாம்ஸ்டெட் குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனுக்குத் தீ மூட்டவும் சில்லறை வேலைகள் பார்க்கவும் அமர்த்தப்பட்டவர் அவர். அங்குள்ள ஊழியர் அனைவரும் தாம் காண்பதைக் குறித்துவைக்க வேண்டும் என்பது விதி. கொதிகலன் பணியாளருக்கும் அதில் விலக்கில்லை. உற்றுநோக்கும் பழக்கம் அவருக்கு அப்படி வந்தது. 1948-இல் அவர் டாவிஸ்டாக் நிறுவனத்தில் ஜான் பௌல்பியுடன் சேர்ந்து, மருத்துவமனையிலுள்ள சிறு குழந்தைகளைக் கவனிக்கலானார்.

தாம் கண்டதை மருத்துவர்கள் நம்ப மறுத்தபோது, திரைப்படம் எடுத்து அறியாத அவர் ஒரு படக்கருவியை வாங்கினார். 1952-இல் வெளிவந்த அப்படத்தில் லாரா என்னும் இரண்டு வயதும் ஐந்து மாதமும் ஆன சிறுமி, தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருக்கிறாள். படத்தில் வேறொன்றும் இல்லை. நல்லொழுக்கமுள்ள அக்குழந்தை அழுகையை அடக்கி அடக்கி, முடிவில் தாயைக் கண்டும் முகந்திருப்புவதைப் பார்வையாளர் காண்கின்றனர். காட்சிகளைப் பொறுக்கி எடுத்தார் என்ற பழி வராதிருக்க, நாள்தோறும் குறித்த நேரங்களில், சுவர்க்கடிகாரம் தெரியும்படி படம் பிடித்திருந்தார். அவ்வாண்டு நவம்பரில் அரச மருத்துவக் கழகத்தில் அது காட்டப்பட்டபோது மருத்துவர் பலர் சினங்கொண்டனர். ராபர்ட்சன் சொல்லியது இதுதான்: முதலில் குழந்தை எதிர்த்து அழுகிறது, பிறகு நம்பிக்கையிழந்து அடங்குகிறது, அதன் பின் பற்றறுத்துக்கொள்கிறது. செவிலியர் தேறுதல் என்று கருதிய அமைதி இந்த மூன்றாவது நிலையே.

இத்தகைய சூழலில்தான் பிளாட் குழு 1956-இல் அமைக்கப்பட்டது. தலைவரான ஹாரி பிளாட் தாமே சிறு வயதில் முழங்காலில் காசநோய் கண்டு பள்ளி செல்ல இயலாமல் வீட்டில் வளர்ந்தவர். அவர் இதைக் குறித்து அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. ஆயினும் குழுவின் 55 பரிந்துரைகளைப் படிக்கையில் படுக்கையிலிருந்து உலகைப் பார்த்த ஒருவரின் கண்ணை அங்கங்கே உணர்கிறோம். பார்வை நேரத்துக்குக் கட்டுப்பாடு கூடாது, சிறு குழந்தையோடு தாய் தங்க வசதி வேண்டும், குழந்தைகளைப் பெரியோர் வார்டில் வைக்கலாகாது என்பவை அவற்றுள் தலையாயவை. அறிக்கை வெளியானதும் கதவுகள் தாமே திறந்துவிடவில்லை. 1961-இல் ராபர்ட்சன் தொலைக்காட்சியில் தம் படங்களைக் காட்டி வேண்டுகோள் விடுத்தபின், தெற்கு லண்டனில் பேட்டர்சீ பகுதித் தாய்மார் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்து மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று கேட்கவேண்டியிருந்தது. 1963-இல் உல்விச் பகுதியிலுள்ள புரூக் மருத்துவமனையில் குழந்தைகளைக் காப்போம் நிதியம் விளையாட்டுக் குழு ஒன்றைத் தொடங்கிற்று. பின்னாளில் மருத்துவமனை விளையாட்டுப் பணியாளர் என்னும் தொழில் உருவாக அத்தகைய முயற்சிகளே அடிப்படையாயின.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. இச்சீர்திருத்தத்தின் வலிமையே அதன் எல்லையும் ஆயிற்று. அதன் மையத்தில் இருந்தவர் தாய். தாயைப் பிரிந்த சிறு குழந்தையின் துயரமே மக்களை அசைத்தது. பதினாறு வயதுப் பையனோ தாய் இரவும் பகலும் அருகில் அமர்ந்திருப்பதை எப்போதும் விரும்புவதில்லை. அவன் இழந்தவை நண்பர்கள், பள்ளி, பந்தாட்டம், தன் அறைக் கதவைத் தானே சாத்திக்கொள்ளும் உரிமை ஆகியன. இவற்றைக் குறித்து லாராவின் படம் ஒன்றும் சொல்ல இயலாது.

மறுக்கத்தக்க நட்பு

இனி இரண்டாவது அறிக்கைக்கு வருவோம். ராபர்ட் ரேய்க்ஸ் 1780-இல் குளாஸ்டர் நகரில் தொடங்கிய ஞாயிறு பள்ளியும், ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் 22 வயதுத் துணிக்கடை ஊழியர் 1844 ஜூன் 6-ஆம் நாள் நண்பர்களுடன் லண்டனில் கூடி அமைத்த கிறிஸ்தவ வாலிபர் சங்கமும், வில்லியம் ஸ்மித் 1883-இல் கிளாஸ்கோவில் நிறுவிய பாய்ஸ் பிரிகேடும் பிரித்தானிய இளைஞர் பணியின் ஊற்றுகள் என்பது இவ்விதழின் வாசகர் நன்கறிந்ததே. ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியது பெற்றோர். ஆனால் வில்லியம்ஸின் மாடியறைக்குக் கடை ஊழியரை யாரும் அனுப்பவில்லை. விரும்பியவர் வந்தனர், விரும்பாதவர் நின்றுகொண்டனர். இளைஞர் பணியின் உயிர்நாடியாகப் பின்னர் கருதப்பட்ட விருப்பப் பங்கேற்பு இங்கிருந்து வருகிறது. பள்ளியாசிரியர், மேலாளர், காவலர் ஆகியோரிடமிருந்து இளைஞர் பணியாளரைப் பிரித்துக்காட்டுவது, அவரை விட்டு எழுந்துபோக இளைஞனுக்கு உள்ள உரிமையே.

ஆல்பெமார்ல் குழு 1958 நவம்பரில் அமைக்கப்பட்டது. கட்டாயப் படைப்பணி முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. போருக்குப் பின் பிறந்த பெருந்தொகையினர் வளர்ந்துகொண்டிருந்தனர். இளைஞர் பணியோ நிதியின்றித் தேய்ந்திருந்தது. குழுவில் இலக்கியத் திறனாய்வாளர் ரிச்சர்ட் ஹோகர்ட் இருந்தார். லெஸ்லி பால் என்பவரும் இருந்தார். 1964-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் குருமாரை எங்ஙனம் அமர்த்துவது, எங்ஙனம் ஊதியம் வழங்குவது என்பது பற்றிப் பெரும் சர்ச்சையை எழுப்பிய அறிக்கையை எழுதியவர் இவரே. இளைஞருக்கு ஒன்றுகூடல், பயிற்சி, அறைகூவல் ஆகிய மூன்றும் வேண்டும் என்று ஆல்பெமார்ல் அறிக்கை வகுத்தது. ஏறத்தாழ 700 ஆக இருந்த முழுநேரப் பணியாளர் எண்ணிக்கையை 1966-க்குள் 1,300 ஆக உயர்த்தவேண்டும் என்றது. அதற்கென லெஸ்டர் நகரில் 1961-இல் தேசியப் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டு 1970 வரை நடைபெற்றது.

இவ்வளவு நிதியும் ஆளும் கிடைத்தும் மருத்துவமனை வார்டுக்கு அவர்கள் வராததற்குக் காரணம் அலட்சியம் என்று நான் கருதவில்லை. இளைஞர் பணி ஓய்வுநேரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. மன்றக் கட்டடம், நடன மாலை, மலையேற்றம் என்பவையே அதன் களங்கள். நோயாளிக்கு நேரம் உண்டு; ஓய்வுநேரம் இல்லை. மேலும் மருத்துவமனை நலத்துறையின் ஆட்சிக்குட்பட்டது. இளைஞர் பணி கல்வித்துறையைச் சேர்ந்தது. இரு துறைகளின் எல்லையில் நிற்பவரை இரண்டும் மற்றதன் பொறுப்பு என்று எண்ணுவது எல்லா நாட்டு அரசாங்கங்களுக்கும் பொதுவான குணம்.

முப்பது ஆண்டு இடைவெளி

அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ராஸ்வெல் கலாகர் என்னும் மருத்துவர் 1951-லேயே பதின்வயதினருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியிருந்தார். பிரித்தானியாவில் அது பரவவில்லை. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, சுவரில் கரடிப்பொம்மைப் படங்கள் ஒட்டிய வார்டில், இரவெல்லாம் அழும் கைக்குழந்தைகளுக்கிடையே படுத்திருப்பாள். அல்லது ஓரிரு ஆண்டு மூத்தவளாயின், மரணத்தருவாயிலிருக்கும் மூதாட்டிகளின் நடுவே கிடப்பாள். இரண்டில் எங்கே வைப்பது என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் எந்த வார்டில் படுக்கை காலியாயிருந்தது என்பதே.

1976-இல் குழந்தை நலச் சேவைகளைப் பற்றிய கோர்ட் குழுவின் அறிக்கை, பதின்வயதினரைத் தனித் தேவைகள் உடைய ஒரு கூட்டத்தாராகக் கருதவேண்டும் என்றது. 1985-இல் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு ஒன்றும் இதைப் பற்றி அறிக்கை தந்தது. அறிக்கைகள் பெருகின, வார்டுகள் பெருகவில்லை. எனினும் அதே 1985-இல் பிரபுக்கள் சபை கில்லிக் வழக்கில் அளித்த தீர்ப்பு நிலைமையை வேறு திசையிலிருந்து மாற்றிற்று. பதினாறு வயது நிரம்பாதவரும், தமக்களிக்கப்படும் சிகிச்சையைப் போதிய அளவு புரிந்துகொள்ளும் அறிவுடையவராயின், அதற்குத் தாமே இசைவு தரலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். வழக்கு எழுந்தது கருத்தடை ஆலோசனை பற்றி. திருச்சபைகளுக்குள் அது கடும் வாதத்தைக் கிளப்பிற்று. ஆனால் அதன் விளைவு எல்லா வார்டுகளையும் எட்டியது. மருத்துவர் இனி பெற்றோரை மட்டும் பார்த்துப் பேசி முடிக்க இயலாது. படுக்கையிலிருப்பவரையும் பார்த்துப் பேசவேண்டும். அவர் கேட்க விரும்பும் கேள்விகளைக் கேட்க அவருக்குத் துணை செய்பவர் யார் என்னும் வினா இத்துடன் தவிர்க்க முடியாததாயிற்று.

1991-இல் நலத்துறை புதிய வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. பிளாட் அறிக்கையின் தலைப்பில் குழந்தைகள் என்று மட்டும் இருந்தது. புதிய நூலின் தலைப்பிலோ குழந்தைகள், இளையோர் என இரு சொற்கள் இடம்பெற்றன. 32 ஆண்டுகளில் சேர்ந்தது ஒரு சொல்.

வார்டில் ஒரு நாற்காலி

1990-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் புற்றுநோயுற்ற பதின்வயதினருக்கென ஒரு பிரிவு திறக்கப்பட்டது. டீனேஜ் கான்சர் டிரஸ்ட் என்னும் அறநிறுவனம் அதற்குப் பொருள் திரட்டியது. ஒத்த வயதினர் ஒரே இடத்தில், தொலைக்காட்சியும் இசையும் நண்பர் வந்து அமர இடமும் உள்ள கூடத்தில் சிகிச்சை பெறுவது அதன் அமைப்பு. இத்தகைய பிரிவுகள் பின்னர் நாடெங்கும் 28 என்னும் எண்ணிக்கைக்குப் பெருகின. அவற்றில் இளைஞர் பணிப் பயிற்சி பெற்றவர்கள் ஊழியராக அமர்த்தப்பட்டனர். 1960-இன் அறிக்கையும் 1959-இன் அறிக்கையும் ஒரே அறைக்குள் வந்தது இப்படித்தான். பிற மருத்துவமனைகளிலும் நீரிழிவு, சிறுநீரக நோய் போன்ற நெடுநோயுற்ற இளையோருக்காக இப்பணியாளர் சிலர் படிப்படியாக நியமிக்கப்பட்டனர்.

இவர்கள் செய்வது என்ன? வெளிப்பார்வைக்கு மிகச் சொற்பமே. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்கின்றனர், சீட்டாடுகின்றனர், தலைமுடி கொட்டுவதற்குமுன் மொட்டையடித்துக் கொள்ளலாமா என்னும் பேச்சில் கலந்துகொள்கின்றனர், பள்ளித் தோழர் எழுதாமற்போனது பற்றிக் கேட்கின்றனர். அடுத்த படுக்கைக்காரர் இறந்துவிட்ட மறுநாள் எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசும்போது, அதைப் பற்றியே பேசத் தயங்காமல் இருக்கின்றனர். மருத்துவர் சொன்னது புரியவில்லை என்று இளைஞன் கண்டால், மறுநாள் அவனே கேட்கும்படி கேள்விகளை எழுதி வைக்க உதவுகின்றனர். அவனுக்காகத் தாமே கேட்டுவிடுவதில்லை. கேட்டறிந்த இரகசியத்தைக் காக்கின்றனர். உயிருக்கோ உடலுக்கோ கேடு வரும் என்று கண்டால் அதைக் காக்கமுடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றனர்.

இவற்றைவிட முக்கியமானது, நோயாளி இவர்களைப் போகச் சொல்லலாம் என்பது. ஊசியோடு வரும் செவிலியரைப் போகச் சொல்ல முடியாது. மருத்துவரை முடியாது. பெற்றோரைச் சொன்னால் மனம் புண்படும். 1948-இல் தேசிய நலச் சேவை தொடங்கியதுமுதல் அந்நாட்டு மருத்துவமனைகளில் நியமனம் பெற்றுவரும் மருத்துவமனை ஆயர் அன்பே உருவானவராயினும், வெள்ளைக் கழுத்துப்பட்டியோடு படுக்கையருகில் அவர் வந்து நின்றால், தன் நிலைமை அவ்வளவு மோசமாகிவிட்டதா என்று இளைஞன் அஞ்சக்கூடும். ஜெபிக்கலாமா என்று அவர் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லத் துணிபவர் குறைவு. மருத்துவமனைச் சந்திப்புக்குச் செல்லும் நம்மில் எத்தனைபேர் அந்தக் கேள்வியை உண்மையாகவே கேள்வியாகக் கேட்கிறோம் என்பதை வாசகர் எண்ணிப்பார்க்கலாம். உடல் முழுவதும் பிறர் கைக்கு ஒப்புவிக்கப்பட்டிருக்கும் நாட்களில், வேண்டாம் என்று ஒருவரிடமாவது சொல்லி, அவர் கோபங்கொள்ளாமல் போய், மறுநாள் மீண்டும் வந்து கேட்பதைக் காண்பது சிறிய காரியமன்று.

இதனால் பயன் உண்டா என்று கேட்போருக்குச் சில சான்றுகள் உள்ளன. ரஸல் வைனர் என்னும் மருத்துவர் இங்கிலாந்தின் இளம் நோயாளிகளிடம் நடத்தப்பட்ட தேசியக் கருத்தாய்வை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். பதின்வயதினர் வார்டில் இருந்தவர்கள், பிற வார்டுகளில் இருந்த தம் வயதினரைவிட, தங்களுக்கு மதிப்பளிக்கப்பட்டது, இரகசியம் காக்கப்பட்டது, பாதுகாப்பாக உணர்ந்தோம் என்று மிகுதியாகக் கூறியிருந்தனர். அது இடத்தின் பயனைக் காட்டுமேயன்றிப் பணியாளரின் பயனைத் தனித்துக் காட்டாது.

ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த செய்தி அதைவிட நெருங்கியது. மாற்றுச் சிறுநீரகம் பெற்ற இளையோர் குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியோர் மருத்துவமனைக்கு மாறும் வயதில் மருந்தை நிறுத்திவிடுவதும், அதனால் சிறுநீரகத்தை இழப்பதும் அடிக்கடி நிகழும். அங்கே முன்பு நேரடியாக மாற்றப்பட்ட ஒன்பது பேரில் ஆறு பேர் சிறுநீரகத்தை இழந்தனர். 2006-இல் முறை மாற்றப்பட்டது. இரு தரப்பு மருத்துவரும் சேர்ந்து இளையோரைப் பார்த்தனர். இளைஞர் பணியாளர் ஒருவர் உடனிருந்தார். சந்திப்பு மருத்துவமனைக்கு வெளியே இளையோர் கூடும் இடத்துக்கு மாற்றப்பட்டது. அதன்பின் வந்த பன்னிரண்டு பேரில், 2012-இல் ஆய்வு வெளியான வரை கணக்கிடப்பட்ட காலத்துள், ஒருவரும் சிறுநீரகத்தை இழக்கவில்லை. தொகை சிறிது, பல மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன, பணியாளரின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆனாலும் மாத்திரையை ஏன் விழுங்கவில்லை என்று மருத்துவரிடம் பொய் சொல்லும் இளைஞன் பந்தாட்டக் கூடத்தில் வேறொருவரிடம் உண்மை சொல்வான் என்பது நம்பத்தகாத செய்தியன்று.

2006-இலேயே தெற்கு லண்டனில் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ரெட்த்ரெட் என்னும் அமைப்பின் இளைஞர் பணியாளர்கள் அமர்ந்தனர். இங்கே நோயாளி நீண்டநாள் கிடப்பவன் அல்லன். கத்திக்குத்துண்டு சில மணி நேரத்துக்குமுன் கொண்டுவரப்பட்டவன். தையல் போட்டு அனுப்பிவிட்டால், சில வாரங்களில் பழிவாங்கச் சென்று, மீண்டும் அதே மேசைக்கு வருவான். வெளியே நண்பர் சூழ வீரம் பேசுபவன், அவர்கள் இல்லாத அந்த ஒருமணி நேரத்தில் அஞ்சி இருப்பான். காவலர் கேட்கும் கேள்விகளைக் கேட்காத ஒருவர் அப்போது அருகில் இருந்தால் அவன் பேசக்கூடும் என்பதே இதன் அடிப்படை. பின்னர் லண்டனின் நான்கு பெருங்காய மையங்களுக்கும் இம்முறை சென்றது. ஓய்வுநேரத்தோடு கட்டுண்டிருந்த ஆல்பெமார்ல் மரபு, ஓய்வு என்பதே இல்லாத இடத்துக்கு வந்துசேர்ந்ததை இங்கே காண்கிறோம்.

யார் கொடுப்பது?

வரலாறு இவ்விடத்தில் ஒரு முரணைச் சந்திக்கிறது. 2010-க்குப் பின் இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் இளைஞர் பணிக்கான செலவைப் பெரிதும் வெட்டின. ஆல்பெமார்ல் காலத்தில் கட்டப்பட்ட மன்றங்கள் பல மூடப்பட்டன. மருத்துவமனைக்கு வெளியே இளைஞர் பணி சுருங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் உள்ளே அதன் தேவை ஒப்புக்கொள்ளப்பட்டது. இளையோர் பெரியோர் மருத்துவத்துக்கு மாறுவதைப் பற்றித் தேசிய மருத்துவத் தர நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒவ்வோர் இளைஞருக்கும் பெயர் குறித்த ஒரு பணியாளர் பொறுப்பாயிருக்கவேண்டும் என்றும், அவர் செவிலியராகவோ இளைஞர் பணியாளராகவோ இருக்கலாம் என்றும் சொல்கிறது.

அப்பணியாளருக்கான ஊதியத்தை அறநிறுவனங்களே பெருமளவு சுமந்துவந்துள்ளன. செவிலியரின் இடம் நிலையானது. இளைஞர் பணியாளரின் இடமோ பல மருத்துவமனைகளில் இரண்டு அல்லது மூன்று ஆண்டு நன்கொடையைச் சார்ந்து நிற்கிறது. கடும் இரத்தப் புற்றுநோயுற்ற ஓர் இளைஞனின் மருந்துமுறை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் நீடிக்கும். பதினான்கு வயதில் வார்டுக்கு வந்த அவனுக்குச் சிகிச்சை முடிவதற்குள், அவனோடு முதல்நாள் சீட்டாடியவர் ஒப்பந்தம் முடிந்து சென்றுவிடுவதும், அடுத்தவர் வரும்வரை அந்த நாற்காலி வெறுமையாய்க் கிடப்பதும் நேரக்கூடியதே.